பேச ஆள் இல்லாத வண்டி

போன வாரம் உங்களை வங்காளக் காட்டு ஓரத்தில் நிறுத்திவிட்டுப் போய்விட்டேன். கோபமாகத்தான் இருப்பீர்கள். வாருங்கள், முதலில் அந்தக் கடனைத் தீர்த்துவிடுவோம்.

புவனேஸ்வரத்திலிருந்து டெல்லிக்குப் போகும் ராஜதானி எக்ஸ்பிரஸ். ஜார்கிராம் பக்கம், பான்ஸ்தலா என்கிற சின்ன ஸ்டேஷன் அருகே மறிக்கப்பட்டு நிற்கிறது. ஓட்டுநர்களைக் கீழே இறக்கிக் கூட்டிப் போய்விட்டார்கள். பெட்டிகளின் மேல் சிவப்பு பெயின்டில், சிறையில் இருக்கும் தங்கள் தலைவருக்காக மறித்தவர்கள் கோரிக்கை எழுதியாயிற்று. சத்ரதர் மகாதோவை விடுதலை செய்! உள்ளே இருக்கிறவர்கள் செல்போனில் வீட்டுக்கும் டிவி சேனல்களுக்கும் மாறி மாறிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

பிறகு என்ன ஆனது?

ஒன்றும் ஆகவில்லை! சுமார் ஐந்து மணி நேரம் கழித்துப் பாதுகாப்புப் படை வந்து சேர்ந்தபோது மறித்தவர்கள் காட்டுக்குள் கரைந்துவிட்டிருந்தார்கள். பயணிகள் ஒருவர் மேலும் கீறல் இல்லை. ஓட்டுநர்களும் பத்திரமாகத் திரும்பினார்கள்.

'இதற்கா ஒரு வாரம் காக்க வைத்தாய்?' என்று பேப்பரை வீசாதீர்கள். அந்தக் கூட்டத்துக்கு ஒன்று வேண்டியிருந்தது. ஒரு மனிதரின் விடுதலை. அதைக் கேட்க வேண்டுமானால் வண்டி நிற்க வேண்டும். வண்டிக்குள் இருப்பவர்கள் உயிரோடு இருக்க வேண்டும். கேட்பதற்கு ஏதாவது வைத்திருப்பவன் பணயத்தைப் பத்திரமாக வைத்திருப்பான். அடகுக் கடைக்காரர் நம் நகையைப் பார்த்துக்கொள்வது போல.

சரி. ஒன்றுமே கேட்காத ஒருவன் வண்டியைப் பிடித்தால்?

அந்தக் கதைக்கு ஜார்கிராம் வரை போக வேண்டாம். நம் சென்னை-திருவள்ளூர் லைனுக்கே வாருங்கள்.

வேப்பம்பட்டு பிளாட்ஃபாரத்தில் நின்று பழகியவர்களுக்கு ஒரு நோய் உண்டு. தூரத்தில் விளக்கு தெரிந்தாலே அது என்ன வண்டி என்று சொல்லிவிடுவோம். திருநின்றவூர் பக்கம் பார்த்து, 'இது நிக்காதுப்பா, எக்ஸ்பிரஸ்' என்போம். செவ்வாப்பேட்டை பக்கம் பார்த்து, 'அரக்கோணம் லோக்கல், கூட்டமா இருக்கும்' என்போம். கடிகாரம் பார்த்து வண்டியைச் சொல்கிறவர்கள் ஒரு ரகம். வண்டியைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்துகிறவர்கள் நாம்.

அப்படிப்பட்ட நம்மை நோக்கி வர வேண்டிய ஒரு வண்டியின் கதை இது. சென்ட்ரலிலிருந்து காலை 5:15க்குக் கிளம்ப வேண்டிய திருவள்ளூர் லோக்கல்.

2009 ஏப்ரல் 29. ராஜதானி சம்பவத்துக்கு ஆறு மாதம் முந்திய ஒரு விடியற்காலை.

சென்ட்ரலின் புறநகர் முனையம் உங்களுக்குத் தெரியும். மூர் மார்க்கெட் வளாகம். அந்த நேரத்தில் அங்கே சத்தம் குறைவு. வண்டி பிளாட்ஃபாரத்தில் காலியாக நிற்கும். புறநகர் வண்டிக்குக் கதவை மூடும் வழக்கம் கிடையாது. யார் வேண்டுமானாலும் ஏறி உட்காரலாம். ராத்திரி எக்ஸ்பிரஸில் வந்து இறங்கி, முதல் லோக்கல் பிடித்து வீட்டுக்குப் போகக் காத்திருப்பவர்கள் உண்டு. ராத்திரி வேலை முடித்தவர்கள் உண்டு. ஏறியதும் பையைத் தலைக்கு வைத்துக் காலை நீட்டிவிடுவார்கள். இன்னும் அரை மணி இருக்கிறது, ஒரு தூக்கம் போடலாம்.

அன்று அந்த வண்டியில் அப்படி ஏறி உட்கார்ந்திருந்தவர்கள் சுமார் 35 பேர்.

மணி 4:50.

வண்டி நகர்ந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நீங்கள் அந்தப் பெட்டியில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5:15 வண்டி 4:50க்கு நகர்கிறது. என்ன நினைப்பீர்கள்?

கடத்தல் என்றா நினைப்பீர்கள்? மாட்டீர்கள். 'நம்ம வாட்ச் நின்னுபோச்சா?' என்று பார்ப்பீர்கள். 'டைமை மாத்திட்டானோ?' என்று பக்கத்து சீட்டைக் கேட்பீர்கள். மனதுக்குள் ஒரு சின்ன சந்தோஷம்கூட வரும். தாமதமாகக் கிளம்பும் லோக்கலைத் திட்டியே பழகிய நமக்கு, 25 நிமிஷம் முன்னால் கிளம்பும் லோக்கல் என்றால் லாட்டரி அடித்த மாதிரிதானே!

அந்த 35 பேரில் எத்தனை பேர் கண்ணைக்கூடத் திறக்காமல் புரண்டு படுத்திருப்பார்களோ!

முன்னால் ஓட்டுநர் அறையில் இருந்தவர் மோட்டார்மேன் இல்லை. பின்னால் கார்டும் இல்லை. மணி அடிக்கவில்லை, கொடி காட்டவில்லை. அந்த வண்டிக்கு யாரும் 'புறப்படு' சொல்லவில்லை.

அப்படியானால் முன்னால் இருந்தது யார்?

அடையாளம் தெரியாத ஒருவர். பதிவுகளில் அவருக்கு அந்தப் பெயர்தான்.

மின்சார ரயிலை நகர்த்துவது ஆட்டோவில் கிக்கரை உதைப்பது போலக் கிடையாது. மேலே பான்டோகிராஃப் ஏறி 25,000 வோல்ட் கம்பியைத் தொட்டிருக்க வேண்டும். பிரேக்குக்குக் காற்றழுத்தம் ஏறியிருக்க வேண்டும். முன்னே, பின்னே என்று திசையைத் தீர்மானிக்கும் கைப்பிடியைச் சரியான பக்கம் வைக்க வேண்டும். அதற்கெல்லாம் சாவி வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகுதான் வேகக் கைப்பிடி.

அந்த வேகக் கைப்பிடியில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அதை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஓட்டுபவர் மயங்கி விழுந்தாலும் சரி, பயந்து கையை எடுத்தாலும் சரி, பிரேக் தானாக விழுந்து வண்டி நின்றுவிடும். ரயில்வேக்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் டெட்மேன். செத்தவனுக்காகச் செய்த கைப்பிடி!

வண்டி நிற்கவே இல்லை. சென்ட்ரலிலிருந்து கடைசி நொடி வரை அந்தக் கை விலகவில்லை என்றுதான் அர்த்தம் எடுக்க வேண்டியிருக்கிறது.

என்னைக் கேட்டால், இந்தக் கதையிலேயே பயங்கரமான விஷயம் அந்தக் கைதான். துப்பாக்கி பிடித்த கை களைத்துப் போகும். தாழும். பேசிப் பேசியே அதைத் தாழ்த்திய ஆட்களை இந்தத் தொடரில் பார்த்திருக்கிறோம். இந்தக் கை ஒரு கைப்பிடியைப் பிடித்திருந்தது. அதோடு பேச யாருக்கும் வாய்ப்பே கிடைக்கவில்லை.

வண்டி சென்ட்ரல் யார்டைத் தாண்டியது.

அடுத்தது பேசின் பிரிட்ஜ்.

நம் லைன் ஆட்களுக்கு பேசின் பிரிட்ஜ் என்றால் சலிப்பு. வண்டி அங்கே சிக்னலுக்காகப் படுத்துக்கொள்ளும். ஜன்னல் வழியே பக்கிங்ஹாம் கால்வாய் வாசனையோடு பத்து நிமிஷம் தியானம். ஆனால் ரயில்வேக்கு அது ஒரு கழுத்து. சென்ட்ரலுக்கு வரும் எல்லாப் பாதைகளும் அங்கேதான் நெருங்கிப் பிரிகின்றன. வலப்பக்கம் திரும்பினால் கொருக்குப்பேட்டை, கும்மிடிப்பூண்டி வழி. நேரே மேற்கே போனால் வியாசர்பாடி ஜீவா, பெரம்பூர், வில்லிவாக்கம், அம்பத்தூர், ஆவடி, நம் வேப்பம்பட்டு.

எந்தப் பக்கம் போவது என்பது ஓட்டுகிறவர் கையில் இல்லை. இதைப் பலர் யோசித்திருக்க மாட்டார்கள். ரயிலுக்கு ஸ்டீயரிங் கிடையாது. தண்டவாளத்தில் பாயிண்ட் எப்படி வைத்திருக்கிறதோ அப்படித்தான் போகும். விமானத்தைக் கடத்தியவன் 'லாகூர் போ' என்று விமானியிடம் சொல்லலாம். ரயிலைக் கடத்தியவன் யாரிடமும் ஒன்றும் சொல்ல முடியாது. அவன் கையில் இருப்பது வேகம் மட்டும். வழி வேறு யாரோ போட்டது.

பேசின் பிரிட்ஜ் பிளாட்ஃபாரம் வந்தது.

வண்டி நிற்கவில்லை.

இப்போது பெட்டிக்குள் தூக்கம் கலைந்திருக்கும். பேசின் பிரிட்ஜில் நிற்காத திருவள்ளூர் லோக்கலா? 'ஃபாஸ்ட் லோக்கலா இருக்குமோ?' நம் லைனில் எல்லாக் குழப்பத்துக்கும் இந்த ஒரு பதில்தான். தப்பான வண்டியில் ஏறிவிட்டோமோ என்கிற கவலைதான் முதலில் வரும். பயம் அப்புறம்தான் வரும்.

வேகம் ஏறிக்கொண்டே போனது. அந்தப் பகுதியில் லோக்கல் எப்படி ஊர்ந்து போகும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். பாயிண்டுகளின் மேல் தடதடவென்று பெட்டி ஆடும்போது, மேலே தொங்கும் கைப்பிடிகள் எல்லாம் ஒன்றோடொன்று அடித்துக்கொள்ளும் போது, இது ஃபாஸ்ட் லோக்கல் இல்லை என்று உடம்புக்கே தெரிந்திருக்கும்.

இப்போது வெளியே வருவோம். இப்படி ஒரு வண்டி ஓடுகிறது என்று தெரிந்தால், ரயில்வேயால் என்ன செய்ய முடியும்?

சிக்னலைச் சிவப்பாக்கலாம். சிவப்பை மதிக்கிறவனுக்குத்தான் சிவப்பு. பாயிண்டை மாற்றி வேறு பாதைக்குத் திருப்பலாம். ஆனால் ஓடும் சக்கரத்துக்கு அடியில் பாயிண்ட் அசைந்தால் வண்டி கவிழும். முன்கூட்டியே மாற்ற வேண்டும், அந்த வேறு பாதை காலியாக இருக்க வேண்டும். மேலே ஓடும் கம்பியில் மின்சாரத்தை நிறுத்தலாம். அதற்கு சிக்னல் கேபின்காரர் கன்ட்ரோலுக்குச் சொல்ல வேண்டும். கன்ட்ரோல் மின்சாரக் கன்ட்ரோலரிடம் சொல்ல வேண்டும். அவர், 'எந்த வண்டி? 5:15ஆ? மணி இன்னும் அஞ்சே ஆகலையே!' என்று ஒரு முறை கேட்டாலே பத்து நொடி போச்சு. நிறுத்திய பிறகும் உருண்டு வரும் வண்டி உடனே நின்றுவிடாது.

சென்ட்ரலிலிருந்து வியாசர்பாடி ஜீவா எவ்வளவு தூரம்? சுமார் 4 கிலோமீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள். சராசரியாக மணிக்கு 60 என்று வைத்தாலும் நான்கே நிமிஷம். ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்துபோகும்.

ராஜதானிக்கு ஐந்து மணி நேரம் கிடைத்தது. இந்த வண்டிக்கு டீ ஆறும் நேரம்.

உலகம் முழுக்கப் பணயப் பேச்சுவார்த்தைக்காரர்கள் நம்பும் ஒரே சாமி, நேரம். சோறு கேட்பார்கள், தருகிறோம் என்று இழு. தண்ணீர் கேட்பார்கள், கொடுத்துவிட்டுப் பேர் கேள். பேர் சொன்னால் ஊர் கேள். நேரம் போகப் போகத் துப்பாக்கிக்காரனும் மனிதனாகிவிடுவான். அவனுக்கும் பசிக்கும், தூக்கம் வரும், அம்மா ஞாபகம் வரும். அந்தச் சாமியே கைவிட்ட இடம் இது.

வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷனில், முன்னால் ஒரு சரக்கு வண்டி இருந்தது. எண்ணெய் டேங்கர்கள்.

மணிக்கு 92 கிலோமீட்டர் வேகத்தில் லோக்கல் அதன் மேல் மோதியது.

நான்கு பேர் செத்துப்போனார்கள். 11 பேருக்குக் காயம்.

வண்டி கிளம்பியிருக்க வேண்டிய 5:15 அதற்குப் பிறகுதான் வந்தது. சென்ட்ரலில் அந்த நேரத்துக்குச் சரியாக ஓடி வந்து வண்டியைத் தேடியவர்கள் இருந்திருப்பார்கள். 'அதுக்குள்ள போயிடுச்சா, சனியன்!' என்று அலுத்துக்கொண்டிருப்பார்கள். வண்டி தவறியவர்கள் யாராவது அதற்காக ரயில்வேக்கு நன்றி சொன்னதுண்டா? அன்று சொல்லியிருக்க வேண்டும்.

இங்கே வேப்பம்பட்டுப் பக்கம் காத்திருந்தவர்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான். வண்டி வரவில்லை. மேற்கு லைனின் கழுத்திலேயே அடி விழுந்தால் ஆவடிக்கு இந்தப் பக்கம் என்ன ஓடும்? பூக்கூடையோடு நின்றவர்கள், ஷிஃப்டுக்கு நேரமானவர்கள், எல்லோரும் பஸ்ஸுக்கு ரோட்டுப் பக்கம் நடந்திருப்பார்கள், காரணம் தெரியாமலே.

செய்தி பரவியதும் ஊர் என்ன நினைத்தது?

அந்த நாட்களை ஒரு நிமிஷம் ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். தேர்தல் நேரம், ஓட்டுப் போட இரண்டு வாரம்தான் பாக்கி. கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் யுத்தம் கடைசிக் கட்டத்தில். இரண்டு நாள் முன்னால்தான் முதல்வர் கருணாநிதி அண்ணா சமாதியில் உண்ணாவிரதம் உட்கார்ந்து எழுந்திருந்தார். நம் லோக்கல் கடத்தலுக்குச் சரியாக ஒரு வாரம் முன்பு ஜார்க்கண்டில் மாவோயிஸ்டுகள் ஒரு பாசஞ்சர் வண்டியைப் பயணிகளோடு பிடித்துச் சில மணி நேரம் வைத்திருந்து விட்டிருந்தார்கள். ஊர் முழுக்க நரம்பு முறுக்கேறிக் கிடந்தது. சென்னையில் ஒருவன் ரயிலைக் கடத்தினான் என்றதும் தீவிரவாதம் என்ற வார்த்தை டீக்கடைக்கு டீக்கடை தாவியதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் யோசியுங்கள். தீவிரவாதி என்றால் பெயர் சொல்வான். அவன் செய்வதே பெயர் சொல்லத்தானே? ஜார்க்கண்டில் சொன்னார்கள். ஜார்கிராமில் பெட்டி மேலேயே எழுதிவைத்தார்கள். இங்கே ஒரு சுவரொட்டி இல்லை. 'நாங்கள்தான் செய்தோம்' என்று மார்தட்ட ஒரு அமைப்பும் வெளிச்சத்துக்கு வரவில்லை.

ரயில்வே மேல் கோபம் உள்ள ஆளா? இருக்கலாம். வண்டியைக் கிளப்பத் தெரிந்திருக்கிறதே! மனம் பிசகியவரா? அதுவும் இருக்கலாம். சும்மா ஒரு தரம் ஓட்டிப் பார்க்கும் ஆசையா? சிரிக்காதீர்கள். ஓட்டுநர் அறைக் கண்ணாடி வழியே எட்டிப் பார்க்காத பிள்ளை நம் லைனில் உண்டா? அந்தப் பைத்தியம் சிலருக்கு வயசானாலும் விடாது.

என் கட்சி என்னவென்று கேட்டால், அவர் பேரம் பேச வந்தவர் இல்லை. பேரம் பேச வந்தவன் பேசின் பிரிட்ஜில் நிறுத்தியிருப்பான். விடிந்தால் கூட்டம், கேமரா வரும். அவருக்குக் கிளப்பத் தெரிந்திருந்தது. நிறுத்த வேண்டும் என்ற எண்ணம் இருந்ததாக எந்த அடையாளமும் இல்லை. முன்னால் டேங்கர் வண்டி இருக்கிறது என்று தெரிந்து ஓட்டினாரா, தெரியாமல் ஓட்டினாரா? அந்தக் கேள்விதான் என்னைத் தூங்க விடாதது. தெரியாமல் என்றால் இது ஒரு கிறுக்கனின் சவாரி. தெரிந்தே என்றால், அந்த 35 பேர் அவருக்குப் பணயமாகக்கூட இருக்கவில்லை. அப்படிச் சிலர் பின்னால் இருக்கிறார்கள் என்ற நினைப்பே அவருக்கு இருந்திருக்காது.

பேச்சுவார்த்தை மேஜையில் எதிர் நாற்காலி காலியாக இருந்தால் என்ன ஆகும் என்று பார்த்துவிட்டோம். அடுத்த கதையில் நாற்காலி காலி இல்லை. உட்கார்ந்திருக்கிறவன் கையில் துப்பாக்கி. ஏற்கெனவே சுட்டும் இருக்கிறான்.

கொஞ்சம் தூரம் போக வேண்டும். ஹாலந்து நாட்டின் வடக்கே, வைஸ்டர் என்கிற கிராமம். டிசம்பர் குளிர். வெட்டவெளி வயலுக்கு நடுவே ஒரு ரயில் நிற்கிறது. ஜன்னல்களை எல்லாம் காகிதத்தால் மறைத்திருக்கிறார்கள். உள்ளே ஏழு இளைஞர்கள். தென் மொலுக்கஸ் தீவுகளைச் சேர்ந்த குடும்பத்துப் பிள்ளைகள். இவர்களுடைய அப்பாக்கள் டச்சுக்காரர்களுக்காக இந்தோனேசியாவில் துப்பாக்கி தூக்கியவர்கள். 'கொஞ்ச நாள் இங்கே இருங்கள், உங்கள் நாட்டுக்குத் திரும்பிவிடலாம்' என்ற நம்பிக்கையில் கப்பலேறி ஹாலந்து வந்தவர்கள். கொஞ்ச நாள் 24 வருஷமாகிவிட்டது. நாடு கிடைக்கவில்லை. பிள்ளைகள் ரயிலைப் பிடித்துவிட்டார்கள்.

முகாம், திரும்பாத ஊர், கொடுத்த வாக்கு. இந்த வார்த்தைகளுக்குத் தமிழில் அகராதி தேவையில்லை.

அரசாங்கம் நேரத்தை இழுக்கிறது. இளைஞர்களுக்குப் பொறுமை போகிறது. ஏற்கெனவே இரண்டு உயிர் போய்விட்டது. மூன்றாவது ஆளைத் தேர்ந்தெடுத்தாயிற்று. பெயர் கெரார்ட் வாடர்ஸ். ஒரு நாளிதழின் ஆசிரியர். ராத்திரி முழுக்கக் கட்டிவைத்திருந்தார்கள். விடிந்துவிட்டது.

அவருக்குத் தெரியும், அடுத்தது தான்தான் என்று.

கெஞ்சவில்லை. அரசியல் பேசவில்லை. வீட்டுக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும் என்று மட்டும் கேட்டார். சக பயணி ஒருவரைப் பக்கத்தில் அழைத்து, தன் மனைவியைப் பற்றி, தன் கல்யாண வாழ்க்கையைப் பற்றி, அதில் தான் தவறிய இடங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

துப்பாக்கியோடு நின்ற பையன்களும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவர் பேசி முடித்தார். 'சரி, நான் தயார்' என்பது போல நிமிர்ந்தார்.

பையன்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

(அடுத்த வாரம்)